ஊர்ப்பள்ளியின் தரத்தை அளந்தவர்கள்

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை நடத்தும் பள்ளிக்கு நடுநிலைப் பள்ளி என்று பெயர். ஊர்ப்புறத்தில் இவற்றில் பெரும்பாலானவை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில், வானூர் வட்டத்தில் இருக்கும் கிளியனூரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொண்டால், ஏரிப்பாசனத்தையும் மானாவாரியையும் நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய பள்ளிகளே முதல் வாசல். அந்தப் பள்ளி நல்ல பள்ளியா, சுமாரான பள்ளியா என்று முடிவுசெய்யும் உரிமை இருநூறு ஆண்டுகளில் பலர் கைக்கு மாறியிருக்கிறது. முதலில் அது பெற்றோரிடம் இருந்தது. பிறகு கலெக்டர், இன்ஸ்பெக்டர், தேர்வுத்துறை, ஊர்ப்பெரியவர்கள், கணக்கெடுப்பாளர் என்று நகர்ந்தது. ஒவ்வொருவரும் கொண்டுவந்த அளவுகோல் பள்ளியை அளந்ததோடு நிற்கவில்லை. பள்ளியில் எது கற்பிக்கப்படும், எந்தப் பிள்ளைமேல் ஆசிரியரின் கண் விழும் என்பதையும் அதுவே தீர்மானித்தது.

பழைய அளவுகோல் திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு பிறந்தது. கிளியனூர் சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். திருக்கிளியன்னவூர் என்று சைவர்கள் வணங்கும் அகத்தீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. இப்படிப்பட்ட பழைய ஊர்களில் கோயில் மண்டபமோ, வசதியான வீட்டின் திண்ணையோ, மரத்தடியோ பள்ளியாக இருந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போனார்கள். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி ஆகியவை மனப்பாடம். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த முறையைக் கண்டு எடுத்தாண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது.

திண்ணைப் பள்ளிக்கு ஆய்வாளர் என்று எவரும் இல்லை. வாத்தியாருக்குக் கூலி கொடுத்தவர் பெற்றோர். தரத்தை அளந்தவரும் அவரே. வந்த ஓலையைப் பையன் படித்துச் சொல்கிறானா, நெல் அளந்த கணக்கைப் பிழையின்றிப் போடுகிறானா, கடன்சீட்டு எழுதத் தெரிகிறதா என்பவையே அவர் பார்த்தவை. தேறவில்லை என்றால் மறுமாதம் கூலி வராது. குடும்பத்தின் நேரடித் தேவையோடு ஒட்டிய அளவுகோல் அது. அதனால் நேர்மையாக இருந்தது. ஆனால் அந்த நேர்மை திண்ணையில் ஏற அனுமதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே பயன்பட்டது. பெண் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் அந்தக் கணக்கிலேயே இல்லை. பழைய பள்ளியைப் போற்றுகிறவர்கள் இதைக் கடந்துபோய்விடக் கூடாது.

அரசு முதன்முதலாகப் பள்ளிகளை எண்ணியது 1822இல். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ அந்த ஆண்டு ஜூன் 25 தேதியிட்ட குறிப்பில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், அவர்கள் எந்தச் சாதியார், என்ன படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் விவரம் கேட்கச் சொன்னார். விவரங்கள் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று 1826 மார்ச் 10 தேதியிட்ட குறிப்பில் மன்றோ தொகுத்தார். அப்போதைய மக்கள்தொகைக்கு ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. கிளியனூர் அடங்கிய தென்னார்க்காடு மாவட்டத்தின் விவரம் தனியாகக் கவனிக்கத் தக்கது: அங்கே மாணவர்களில் 84 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் சூத்திரர், பிற சாதியார் என்ற பிரிவுகளில் குறிக்கப்பட்டார்கள். தமிழ் மாவட்டங்களிலேயே மிக அதிகமான பங்கு இது. எழுத்தறிவு ஒரு சிறு வட்டத்துக்குள் அடைந்து கிடந்தது என்ற பொதுக் கருத்துக்கு இந்த எண் இடம் தரவில்லை. ஆனாலும் உழுகுடிகளின் பிள்ளைகள் திண்ணைக்கு வந்ததற்கும் சேரிப் பிள்ளைகள் வரமுடிந்ததற்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவர் விரிசல் விடவே இன்னும் நூறு ஆண்டு ஆனது.

மன்றோ எண்ணிக்கையோடு நிறுத்தவில்லை. பிள்ளைக்கு மாதம் நான்கு, ஆறு அல்லது எட்டு அணா என்று வாங்கும் ஆசிரியருக்கு மாத வருமானம் ஆறேழு ரூபாயைத் தாண்டாது, அந்தக் கூலிக்குத் தகுந்த ஆசிரியர் கிடைக்கமாட்டார் என்று அவர் எழுதினார். பள்ளியின் தரம் ஆசிரியரின் நிலையோடு கட்டுண்டது என்று அரசின் தாளில் பதிவானது அப்போதுதான். கலெக்டர் ஆட்சிப்பகுதிகளிலும் தாசில்களிலும் அரசுப் பள்ளிகள் வைக்க அவர் திட்டமிட்டார். 1827இல் வாந்திபேதியில் அவர் இறந்தபின் அந்தத் திட்டம் மெலிந்து, சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பிறகே முறையான ஆய்வு வந்தது. 1855இல் சென்னையில் பொதுக் கல்வி இயக்குநர் பதவி உருவாகி, அலெக்சாண்டர் அர்பத்நாட் முதல் இயக்குநரானார். அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர்களும் துணை இன்ஸ்பெக்டர்களும் அமர்ந்தார்கள். அரசு தானே எல்லா ஊரிலும் பள்ளி வைக்க முடியாது. மிஷன்களும் தனியாரும் நடத்தும் பள்ளிகளுக்கு மானியம் தரலாம் என்பது கொள்கை. திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பணியாற்றியது. அந்த மரபில் வந்த வால்டர் ஸ்கடர் பள்ளி இன்றும் அந்நகரில் நடக்கிறது. மானியம் கொடுத்தால் அது வீணாகவில்லை என்று காட்டவேண்டும். அங்கேதான் தமிழ்நாட்டுப் பள்ளி வரலாற்றின் மிகக் கடுமையான அளவுகோல் உள்ளே நுழைந்தது.

இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த விதிப்படி, மாணவர்கள் தேர்வில் காட்டும் தேர்ச்சிக்கு ஏற்பவே பள்ளிக்குப் பணம். சென்னை மாகாணம் 1860களில் அதைப் பின்பற்றியது. முடிவுகளுக்கான மானியம் என்ற பொருளில் ரிசல்ட் கிராண்ட் என்று அதற்குப் பெயர். இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். பிள்ளைகளைத் தரவாரியாக நிறுத்தி வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கொடுப்பார். பாடந்தோறும் தேறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று தொகை. அதைக் கூட்டினால் வருவது பள்ளியின் மானியம். பல சிற்றூர்களில் அதுவே வாத்தியாரின் பிழைப்பு.

இந்த முறையில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒதுங்கிக் கிடந்த திண்ணைப் பள்ளிகள் பல இந்த மானியத்துக்காகவே அரசின் பாடத்திட்டத்துக்குள் வந்தன. வாத்தியார் வராமலே பள்ளி நடப்பதாகக் கணக்குக் காட்டுவது கடினமாயிற்று. 1882இல் அமைந்த ஹண்டர் குழுவும் தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த முறை தொடரலாம் என்றே சொன்னது.

ஆனால் விளைந்த கேடு பெரிது. ஆண்டு முழுதும் நடக்கும் படிப்பு ஒரே நாளின் தேர்வுக்கான ஒத்திகையாகச் சுருங்கியது. தேறுவான் என்று உறுதியான பையனைப்பற்றி வாத்தியாருக்குக் கவலை இல்லை. எவ்வளவு முயன்றாலும் தேறமாட்டான் என்று தோன்றிய பையன்மேல் நேரம் செலவிட அவரால் முடியவில்லை. நடுவில் இருந்தவர்களைத் தள்ளித் தேற்றுவதே வேலையாயிற்று. பாடப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒப்பிக்கும் அளவுக்கு மனப்பாடம் வளர்ந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை, வரவு குறைவான பிள்ளை, முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை ஆகியோர் மானியத்துக்குச் சுமையானார்கள். கர்சன் பிரபு காலத்து 1904 கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. அதன்பின் மானியம் ஆசிரியர் எண்ணிக்கை, கட்டடம், பொது நடப்பு ஆகியவற்றைப் பார்த்து வழங்கப்பட்டது. தேர்ச்சியையும் பணத்தையும் நேராக முடிச்சுப் போட்டால் கடைசி வரிசைப் பிள்ளைதான் விலை கொடுக்கும் என்பதற்கு நாற்பதாண்டுச் சான்று அப்படிக் கிடைத்தது. அதற்குப் பின் வந்த எந்தச் சீர்திருத்தமும் இந்தப் பாடத்தை மறக்காமல் இருந்திருக்க வேண்டும்.

1884 உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு தாலுகா போர்டுகளும் ஜில்லா போர்டுகளும் பள்ளிகளை நடத்தின. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கல்வி வரி விதிக்கவும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் வழிவகுத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் தொடங்கியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அது. சுவர் விரிசல் விட்ட காலம் அதுவே.

போர்டு பள்ளிகளின் காலத்தில்தான் ஆண்டாய்வு என்ற நிகழ்ச்சி ஊர் நினைவில் ஊன்றியது. டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற செய்தி வந்ததும் சுவர் வெள்ளையடிக்கப்படும், தட்டிகளில் படங்கள் தொங்கும், பிள்ளைகள் துவைத்த சட்டையோடு வருவார்கள். அவர் முதலில் சேர்க்கைப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் பார்ப்பார். ஆசிரியரின் பாடக்குறிப்பைப் புரட்டுவார். பிறகு வகுப்புக்குள் போய் ஒரு பிள்ளையை எழுப்பி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார், சொல்வதை எழுதவைப்பார், மனக்கணக்குக் கேட்பார். கிளம்பும்முன் பார்வையாளர் பதிவேட்டில் இரண்டு பக்கம் எழுதுவார். தலைமையாசிரியர் அந்தப் பக்கங்களுக்குக் கட்டுப்பட்டவர். இதில் அச்சமும் ஒப்பனையும் கலந்திருந்தன என்பது உண்மை. ஆயினும் ஒரு பெரிய நற்பண்பும் இருந்தது: பள்ளியை மதிப்பிட்டவர் அந்தப் பள்ளியின் பிள்ளை வாசிப்பதைத் தன் காதால் கேட்டார். பிற்காலத்தில் அலுவலருக்குச் சம்பளப் பட்டியலும் வழக்கும் புள்ளிவிவரமும் கூடக்கூட, இந்தப் பழக்கமே முதலில் தேய்ந்தது.

இன்றைய நடுநிலைப் பள்ளியின் நேர் முன்னோடி, எட்டாம் வகுப்புவரை இருந்த உயர்தரத் தொடக்கப் பள்ளி. அதன் முடிவில் இ.எஸ்.எல்.சி. என்ற பொதுத்தேர்வு இருந்தது. அந்தச் சான்றிதழின் மதிப்பை இன்று உணர்வது எளிதல்ல. எட்டாவது தேறி ஆசிரியர் பயிற்சி முடித்தவர் ஹையர் கிரேடு ஆசிரியர், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பயிற்சி பெற்றவர் செகண்டரி கிரேடு, அதாவது இடைநிலை ஆசிரியர். தென்னார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றின் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, பத்து மைல் தள்ளியிருந்த இன்னொரு சிற்றூருக்கு வாத்தியாரை அனுப்பியது. ஆகவே ஊரார் பள்ளியை அளக்க எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள்: இந்த ஆண்டு எத்தனை பேர் எட்டாவது தேறினார்கள், அவர்களில் யார் வாத்தியார் ஆனார். அருகே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலோ பிரெவே என்ற தேர்வே மதிப்புச் சீட்டு. ஒரே மொழி பேசும் உறவினர் வீடுகளில் படிப்பை அளக்க இரண்டு நாட்டுத் தேர்வுகள் 1954வரை இருந்தன. இ.எஸ்.எல்.சி. பள்ளி மாணவருக்கு நின்றுபோனாலும், தனித்தேர்வர்களுக்கான எட்டாம் வகுப்புத் தேர்வாக அரசுத் தேர்வுத் துறையிடம் தொடர்ந்து நிலைத்திருக்கிறது.

1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்ட அதை, 1954இல் முதல்வரான காமராசர் கைவிட்டார். அவரும் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் வேறொரு கேள்வியை முன்வைத்தார்கள்: ஊரில் பள்ளி இருக்கிறதா, எல்லாப் பிள்ளையும் அங்கே இருக்கிறதா? பசித்த பிள்ளை படிக்காது என்று 1956இல் மதிய உணவு வந்தது. 1958இலிருந்து நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் நாற்காலியும் கரும்பலகையும் சுவர்க்கடிகாரமும் சீருடைத் துணியும் கொண்டுவந்து குவித்தார்கள். அன்று ஒரு பள்ளியின் தரம் என்பது அதற்கு ஊர் கொடுத்த பொருளிலும் அங்கே சேர்ந்த பிள்ளைகளின் தொகையிலும் தெரிந்தது. இதைப் படிப்பின் தரமாகக் கொள்ளலாகாது என்று வாதிடுவோர் உண்டு. பிள்ளை வகுப்புக்குள்ளேயே வராத ஊரில் வாசிப்புத் திறனை அளப்பதற்கு எதுவும் இல்லை; அந்த வரிசை சரியான வரிசைதான்.

1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்து, போர்டு பள்ளிகள் அவற்றின் பொறுப்புக்கு வந்தன. 1981 ஜூன் முதல் தேதியிலிருந்து அவற்றின் ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். சம்பளம் நிலைபெற்றது, உள்ளூர் அரசியலின் இடமாற்ற மிரட்டல் ஓய்ந்தது. ஆனால் ஊருக்கும் ஆசிரியருக்கும் இடையிலிருந்த கணக்குக் கேட்கும் கயிறும் அப்போதே தளர்ந்தது. பெயர்ப்பலகையில் மட்டும் ஒன்றியம் நின்றது.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கரும்பலகைத் திட்டம் வந்து, குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பித்தல் பொருள்கள் என்று வரையறுத்தது. 1990களின் தொடக்கத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளை அடையவேண்டிய குறைந்தபட்சக் கற்றல் அளவுகள் பட்டியலிடப்பட்டன. விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பரில் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. பெண் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களுக்கென்று உலக வங்கி உதவியோடு நடந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தில் அதுவும் இடம்பெற்றது. பின்தங்கியிருப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் என்ற அடையாளம் இன்றும் முழுதாக நீங்கவில்லை: 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடு, விழுப்புரத்தில் சுமார் 72.

அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தபின் வட்டார வள மையங்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் வந்தார்கள். 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் பரவி, பிள்ளை ஏறும் கற்றல் ஏணியின் படியையே அளவாக்கியது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர், அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனி ஆசிரியர், ஆண்டுக்கு 220 வேலைநாள், 1,000 பாட மணி என்று நிர்ணயித்தது. இவை பெற்றோர் எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுகள். கணக்குக்கு ஆசிரியர் இல்லாத நடுநிலைப் பள்ளியின் குறையை விளக்க எந்த ஆய்வும் தேவையில்லை.

2005 முதல் வெளிவந்த அசர் ஆய்வு கேள்வியை மறுபடி பிள்ளையின் வாயருகே கொண்டுபோனது. தன்னார்வலர்கள் ஊர்ப்புற வீடுகளுக்குப் போய் ஒரு தாளை நீட்டினார்கள். அதில் எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை. 2018இல் நாடு முழுதும் எட்டாம் வகுப்பிலிருந்த ஊரகப் பிள்ளைகளில் சுமார் 73 விழுக்காட்டினரே அந்தக் கதையை வாசித்தார்கள். மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் சுமார் 44 விழுக்காடு. 2017, 2021 தேசிய அடைவு ஆய்வுகள் இதையே பள்ளிக்குள் மாதிரித் தேர்வாகச் செய்தன. இவை மாவட்டத்தைப் பற்றிப் பேசும். தனிப் பள்ளியைப் பற்றிப் பேசா. மாவட்டச் சராசரி ஒன்றைக் காட்டி ஓர் ஊரின் பள்ளியைப் பழிப்பது தவறு.

2019இல் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரி 4 அன்று திரும்பப் பெற்றது. 1904இன் படிப்பினை தெரிந்தவர்களுக்கு அந்த எதிர்ப்பின் நியாயம் புரியும். அடுத்த மாதமே கொரோனா பள்ளிகளை மூடியது. இழந்த படிப்பை மீட்க இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பம். ஒன்று முதல் எட்டு வகுப்புவரையான பிள்ளைகளை மாலையில் தெருவிலேயே உட்கார்த்தி வாசிக்கவைத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். தேர்வும் தரவரிசையும் இல்லாத அந்த ஏற்பாட்டில், எந்தப் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பது தெருவுக்கே தெரிந்தது.

இப்போது பள்ளியை நடத்துவது அரசு. பார்வையிடுவது வட்டாரக் கல்வி அலுவலர். வருகைமுதல் மதிப்பெண்வரை பதிவாவது கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில். இவற்றோடு கட்டாயக் கல்விச் சட்டம் இன்னொரு மதிப்பீட்டாளரையும் பெயரிட்டிருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் அந்தக் குழுவின் சட்டப்படியான வேலை. திண்ணைக் காலத்துப் பெற்றோரிடமிருந்து போன உரிமை, இம்முறை சேரிப் பிள்ளையின் தாயையும் உள்ளடக்கித் திரும்பி வந்திருக்கிறது. கிளியனூர் வட்டாரத்திலும் பிற ஊர்களிலும் இருக்கும் பெற்றோர் அந்தக் கூட்டத்துக்குப் போகவேண்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று கேட்கவேண்டும். தன் பிள்ளையிடமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும்.